மணவாளக்குறிச்சி மணல், கோணத்துக் கணக்கு

முட்டத்தில் வள்ளம் கடலில் இறங்கியதும் முதல் வேலை இன்ஜின் கயிற்றை இழுப்பது. ஒரே இழுப்பில் எடுத்துவிட்டால் நல்லது. எடுக்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, தீப்பொறி நீலமாக அடிக்கிறதா, மஞ்சளாகச் சோர்ந்து விழுகிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சள் என்றால் கரையில் நிற்கும் மெக்கானிக்கின் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "காயில் போச்சு, மாத்தணும்." புதுக் காயில் வரும், காசு போகும், வள்ளம் கிளம்பும்.

அந்த இன்ஜினின் மேல்மூடிக்குக் கீழே இருப்பது ஃபிளைவீல். அதன் உள்விளிம்பில் காந்தங்கள் பதித்திருக்கும். அடியில், காந்தங்களைத் தொட்டும் தொடாமலும் ஒரு காயில் நிலையாக உட்கார்ந்திருக்கும். கயிற்றை இழுத்ததும் ஃபிளைவீல் சுழல்கிறது. காந்தங்கள் காயிலைக் கடந்து ஓடுகின்றன. காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது ஒரு மின்தேக்கியில் சில நூறு வோல்ட் அளவுக்குச் சேர்ந்து, சரியான கணத்தில் இக்னிஷன் காயிலின் முதல் சுருளுக்குள் கொட்டப்படுகிறது. இரண்டாம் சுருளில் அதைப்போல நூறு மடங்கு அளவுக்குச் சுற்றுகள். முதல் சுருளில் மின்னோட்டம் பாய்ந்த அந்த நொடிப்பொழுதில் இரண்டாம் சுருளில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுந்து பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போது பக்கத்துச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் இந்த வித்தையை மைக்கேல் ஃபாரடே 1831இல் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிக் கண்டுபிடித்தார். நம் பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இதைப் பரிமாற்று மின்தூண்டல் என்கிறது.

ஆக அந்த இன்ஜினின் உயிர் இரண்டு பொருளில் இருக்கிறது: காந்தம், காயில். உலகத்தின் மிக வலுவான காந்தத்துக்கு வேண்டிய மூலப்பொருள் முட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாரப்பட்டு வருகிறது. காயில் சுற்றத் தெரிந்த கைகள் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் தெருவுக்குத் தெரு உண்டு. நடுவில் ஒன்று இல்லை. எத்தனை சுற்று, என்ன அளவு, எந்தக் காந்தம், எவ்வளவு இடைவெளி என்று சுற்றுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லும் படிப்பும் அதற்கான ஆய்வகமும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வளரவில்லை. பணமும் வேலையும் இருப்பது அந்த நடுவில்தான்.

'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த முட்டத்திலிருந்து கரையோரமாகக் கடியபட்டணத்தைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. திருவிதாங்கூர் கரையிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார் என்பது இந்த ஊரின் பழைய கதை. கயிறு புறப்பட்ட இடத்தைத் தேடி வந்தவர் மணவாளக்குறிச்சியில் ஆலையே போட்டுவிட்டார். அப்போது அவர்களுக்கு வேண்டியிருந்தது தோரியம். பெட்ரோமாக்ஸ் விளக்கில் நாம் பார்த்த மேண்டில் இருக்கிறதே, அது தோரியம் உப்பில் நனைத்து எரித்த வலை. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகள் அதில்தான் ஒளிர்ந்தன.

அந்த மேண்டிலை உருவாக்கியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885இல் நியோடிமியம் என்ற தனிமத்தை முதன்முதலில் பிரித்துக் காட்டியவரும் அவரே. மேண்டிலுக்குத் தோரியத்தை எடுத்துக்கொண்ட பிறகு மோனசைட்டில் மிஞ்சும் நியோடிமியத்துக்கு அன்று பெரிய பயன் கிடையாது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சாகவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் சேர்த்து அதுவரை இல்லாத வலுவுள்ள காந்தத்தைச் செய்தார்கள். கணக்கு தலைகீழானது. இன்று மோனசைட்டில் உலகம் தேடுவது நியோடிமியத்தை. தோரியமோ அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் வருங்காலத்துக்கென்று காத்திருக்கிறது.

மோனசைட்டின் எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகள். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நியோடிமியத்துடையது. காந்தத்தில் நியோடிமியம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மற்றதெல்லாம் பெரும்பாலும் இரும்பு. வீணாவதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஒரு டன் மோனசைட்டிலிருந்து ஏறத்தாழ கால் டன் காந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். நாட்டில் மோனசைட் இருப்பு 1.315 கோடி டன் என்று மத்திய அரசு 2025இல் சொன்னது. உலக அருமண் உற்பத்தியில் இந்தியாவின் பங்கோ ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

மணலைப் பிரிக்கும் வேலையே காந்தப்புலத்தின் வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் பொதிந்து இந்தக் கரையின் கருமணலுக்குள் விட்டு எடுத்தால் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு ஒட்டி வரும். பெரும்பாலும் இல்மனைட். வெள்ளைத் துகள்கள் கீழேயே கிடக்கும். ஆலையில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்தும், காந்தமும் இழுக்கும் என்றால் இல்மனைட். கடத்தும், காந்தம் இழுக்காது என்றால் ரூட்டைல். கடத்தாது, ஆனால் வலுவான காந்தம் இழுக்கும் என்றால் கார்னெட்டும் மோனசைட்டும். இரண்டுக்கும் அசையாமல் கிடப்பவை சிர்கானும் சிலிமனைட்டும். எவ்வளவு புலத்துக்கு எது இழுபடும் என்ற கணக்கில்தான் அந்த ஆலை ஓடுகிறது.

ஆனால் அந்தக் கணக்கு ஆலையின் வேலியைத் தாண்டி வெளியே வரவில்லை. 1950இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசையும் சேர்த்துக்கொண்டு அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டபோது மணவாளக்குறிச்சியும் ஆலுவாவும் ஒரே மாநிலம். வேதியியல் ஆலை 1952இல் ஆலுவாவுக்குப் போனது. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மணல் இந்தப் பக்கம், ஆலை அந்தப் பக்கம் என்றாகிவிட்டது. இன்று ஐ.ஆர்.இ.எல். என்று பெயர் சுருங்கிய அந்த நிறுவனத்தின் அருமண் பிரித்தெடுக்கும் பெரிய ஆலை ஒடிசாவின் சத்ரபூரில் இருக்கிறது. 2023 மே மாதம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சமேரியம்-கோபால்ட் காந்த ஆலை விசாகப்பட்டினத்தில். அதன் திறன் ஆண்டுக்கு 3,000 கிலோ. உள்நாட்டில் வாங்கிக் காந்தமாக்கும் தொழில் இல்லாததால் நியோடிமியம் 2012ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜப்பானுக்குப் போனது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இந்திய வாகன ஆலைகள் திண்டாடின. ஜப்பானுக்கு அனுப்புவதை நிறுத்தும்படி அரசு சொன்னதாக ஜூன் மாதம் செய்தி வந்தது. நவம்பர் 26இல் மத்திய அமைச்சரவை, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்வதற்கென ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஐந்து நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் 1,200 டன் வரை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிள்ளியூர் வட்டாரக் கடலோர ஊர்களில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மக்கள் எதிர்ப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கடலரிப்பு, கதிரியக்க பயம், வீடு வாசல் பற்றிய கவலை, எல்லாம் நிஜம். நாட்டுக்குக் காந்தம் தேவை என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. இந்தக் கட்டுரையின் வாதம் புதிதாக இன்னும் மணலை வார வேண்டும் என்பதல்ல. இதுவரை வாரியதற்கு ஈடாக இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த அறிவு என்ன என்பதுதான் கேள்வி.

சரி, கணக்கிடுவது என்றால் என்ன? பிளஸ் டூ புத்தகத்தில் நீண்ட வரிச்சுருள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரு சூத்திரம் தருவார்கள். சுற்றுகளைப் பெருக்கு, பரப்பைப் பெருக்கு, நீளத்தைப் பெருக்கு, விடை வந்துவிடும். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தச் சூத்திரத்துக்குச் சுருள் அதன் விட்டத்தைவிடப் பல மடங்கு நீளமாக இருக்க வேண்டும். வள்ளத்து இன்ஜின் காயிலோ, மோட்டார் காயிலோ, போன் சார்ஜர் காயிலோ அப்படி இருப்பதில்லை. எல்லாம் குட்டை, பருமன், ஒன்றுக்கொன்று விலகி உட்கார்ந்தவை. புலம் ஓரங்களில் வழிந்து ஓடும். வழிவதைக் கணக்கில் எடுக்காவிட்டால் விடை இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூடத் தப்பிப் போகும்.

உண்மையான சுருள்களுக்கு வழி காட்டியவர் ஜெர்மானியர் ஃபிரான்ஸ் நாய்மன், 1845இல். இரண்டு சுருள்களையும் கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டுகளாக வெட்டு, இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு என்று எல்லா ஜோடிகளையும் எடு, அவை எந்தத் திசையில் நிற்கின்றன என்று பார்த்துப் பெருக்கி, நடுவே உள்ள தூரத்தால் வகு, எல்லாவற்றையும் கூட்டு. சொல்லும்போது எளிது, கூட்டும்போது தலை சுற்றும். ஒரே அச்சில் நிற்கும் இரண்டு வட்டங்களுக்கு இந்தக் கூட்டலை மேக்ஸ்வெல் 1873இல் வெளியான தன் நூலில் நீள்வட்டத் தொகையீடுகளாக எழுதி, அட்டவணையும் போட்டுக் கொடுத்தார். பிறகு ஜப்பானில் ஹன்டாரோ நகவோக்கா 1909இல் தன் பெயரிலேயே ஒரு குணகம் தந்தார். அமெரிக்காவில் ஃபிரெடெரிக் குரோவர் 1946இல் ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார். பழைய மின்பொறியாளர்களின் மேசையில் அந்தப் புத்தகம் எப்போதும் கிடக்கும்.

நீள்வட்டத் தொகையீடு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. நம் ராமானுஜன் விளையாடிய மைதானம் அது. 1914இல் அவர் வெளியிட்ட, பை எண் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு வியக்கத்தக்க நெருக்கமான தோராயங்கள் இருக்கின்றன. அந்தச் சுற்றளவும் நம் காயிலும் ஒரே வகைத் தொகையீட்டில்தான் வந்து முடிகின்றன.

செய்துபார்க்க போன் கால்குலேட்டர் போதும். 10 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டக் கம்பிகள், நேருக்கு நேராக 10 செ.மீ. தள்ளி நிற்பதாகக் கொள்வோம். இந்த அளவுகளிலிருந்து 0.4472 என்ற எண் கிடைக்கும். இனி 1, 0.4472 இரண்டையும் எடுத்துக்கொண்டு, கூட்டிப் பாதியாக்கினால் 0.7236, பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.6687. இந்த இரண்டையும் மறுபடி அப்படியே செய்தால் 0.6962, 0.6956. இன்னொரு முறை செய்தால் இரண்டுமே 0.6959 என்று ஒன்றாகிவிடுகின்றன. பையில் பாதியை இதனால் வகுத்தால் 2.2572. முதல் தொகையீடு முடிந்தது. காஸ் கண்ட குறுக்குவழி இது. மூன்றே அடியில் நான்கு இலக்கத் துல்லியம். இரண்டாவது தொகையீட்டையும் இதே படிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தால் விடை 49.4 நானோஹென்றி. இரண்டிலும் நூறு நூறு சுற்று நெருக்கமாகச் சுற்றினால் பத்தாயிரம் மடங்கு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிஹென்றி.

இப்போது தூரத்தை மட்டும் 20 செ.மீ. ஆக்கினால்? 14.2 நானோஹென்றி. தூரம் இரட்டித்தது, விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இன்னும் தள்ளிப் போகப் போக இறக்கம் இதைவிட வேகமாகும். காந்தத்தின் கதையும் இதுதான். 2 செ.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உள்ள நியோடிமியம் வட்டு ஒன்றின் முகத்தில் ஏறத்தாழ 0.27 டெஸ்லா, 2 செ.மீ. தள்ளினால் 0.02 டெஸ்லா. ஃபிளைவீலின் காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு சிறியது என்பதில் ஏன் அத்தனை கறார் என்று மெக்கானிக்கின் கைக்குத் தெரியும். ஏன் என்பதற்கான எண் அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை.

ரீவைண்டிங் கடைகளிலும் அதே நிலைதான். எரிந்துபோன மோட்டார் வந்ததும் பழைய காயிலை வெட்டி எடுத்து, "எத்தன சுத்து, என்ன கேஜ்" என்று எண்ணி, அதே எண்ணிக்கையில் புதிதாகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார்கள். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலில் கட்டியவர் தப்பாகக் கட்டியிருந்தால்? அந்தத் தப்பும் அச்சுப் பிசகாமல் நகலாகும். அதே கேஜ் கம்பி கிடைக்கவில்லை, பக்கத்து கேஜைப் போட்டால் மோட்டார் எவ்வளவு சூடாகும், எவ்வளவு மின்சாரம் கூடுதலாக இழுக்கும் என்று கேட்டால் பதில் அனுபவத்திலிருந்து வரும், கணக்கிலிருந்து வராது. ஐடிஐயில் கற்றுக்கொடுத்ததும் கட்டுவதைத்தானே.

கணக்குப் போட்டவர்கள் என்ன சாதித்தார்கள் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் பத்தாண்டுகளுக்கு முன்பே 'சூப்பர்ஃபேன்' என்று ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்தது. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 35 வாட்டில் ஓடியது. உள்ளே இருப்பது அதே செம்புக் கம்பி, இரும்பு, கூடவே காந்தம், சிறிய மின்னணுச் சுற்று. எந்தக் காந்தத்தை எங்கே வைத்து, எத்தனை சுற்று போட வேண்டும் என்ற வடிவமைப்புதான் பாதிக்கு மேல் மின்சாரத்தை மிச்சம் பிடித்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக், அருமண் இல்லாத ஃபெரைட் காந்த மோட்டாருக்கு அரசுச் சான்று பெற்றதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. ஃபெரைட்டின் வலு 0.4 டெஸ்லா அளவு, நியோடிமியம் 1.2க்கு மேல். மூன்றில் ஒரு பங்கு வலுவுள்ள பொருளை வைத்துக்கொண்டு வண்டியை ஓட்ட வேண்டுமானால் புலத்தின் பாதையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கணக்கிட்டாக வேண்டும். சீனா கதவைச் சாத்தினால் திறக்கிற இன்னொரு கதவு இந்தக் கணக்கு.

முப்பந்தலில் பாருங்கள். அங்கே முதலில் நின்ற காற்றாலைகளில் காந்தமே கிடையாது. தூண்டல் ஜெனரேட்டர்கள், நிலையான சுருளுக்கும் சுழலும் கம்பிக்கூண்டுக்கும் இடையிலான பரிமாற்று மின்தூண்டலில் ஓடுபவை. புலத்தை உண்டாக்க மின்கட்டமைப்பிலிருந்தே மின்னோட்டம் வாங்க வேண்டும்; அதற்கு மின்வாரியம் தனிக் கட்டணம் கேட்கும். இனி வரப்போவது கடலுக்குள். தமிழ்நாட்டுக் கரைக்கு அப்பால் 500 மெகாவாட் கடல் காற்றாலைக்கு உதவி செய்யும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. கடலில் நிற்கும் காற்றாலைகளில் பல, கியர் பெட்டி இல்லாமல் நேரடியாகச் சுழலும் நிரந்தரக் காந்த வகை. மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 600 கிலோ காந்தம் வேண்டும். 500 மெகாவாட்டும் அந்த வகையாக அமைந்தால் 300 டன். இங்கிருந்து மோனசைட்டாகக் கிளம்பியது காந்தமாக இதே கடலுக்குத் திரும்பி வரும்போது, அதை வடிவமைத்தவர், சோதித்தவர், பழுது பார்ப்பவர் எல்லாரும் வெளியூர்க்காரர்களாக இருந்தால் குமரி இளைஞனுக்கு மிஞ்சுவது காவல்காரர் வேலை.

'இப்போது மென்பொருள் இருக்கிறதே, அதுவே கணக்குப் போடுமே' என்று சிலர் சொல்வார்கள். போடும். டேவிட் மீக்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதிய 'ஃபெம்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சாதாரணக் கணினியில் ஓடும். வட்டமான காயில், வட்டமான காந்தம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் மில்லிமீட்டருக்குப் பதில் சென்டிமீட்டர் என்று கொடுத்தாலும் அது முகம் சுளிக்காமல் ஒரு விடையை வண்ணப் படமாகக் காட்டும். அந்த விடை நம்பத்தக்கதா என்று சொல்ல, மேலே போட்ட மாதிரி ஒரு கைக்கணக்காவது தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு காயிலைச் சுற்றி அளந்தும் பார்க்க வேண்டும். கை, மென்பொருள், கருவி மூன்றும் ஒத்துப்போனால்தான் அது பொறியியல்.

தொடங்குவதற்கு இந்த மாவட்டத்துக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. காந்த நடுவரை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. தும்பாவில் 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கு அதுவே காரணம். அதற்கு நூறு ஆண்டு முன்பே திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரூன், அகத்தியமலை உச்சியருகே ஒரு நிலையம் கட்டிக் காந்த ஊசியின் அசைவுகளைப் பதிந்துகொண்டிருந்தார். டெல்லியில் பூமியின் காந்தப்புலம் தரைக்குள் நாற்பது பாகைக்கு மேல் சாய்ந்து போகிறது. முட்டத்தில் அது கிட்டத்தட்டப் படுத்தபடி, வடக்கு நோக்கி, ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. பிளஸ் டூ மாணவர் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரை வைத்து அளக்கும் கிடைத்தளக் கூறு இங்கே கிட்டத்தட்ட முழுப் புலமே.

அந்தச் செய்முறையை ஒரு படி நீட்டலாம். 10 செ.மீ. ஆரத்தில் இரண்டு வளையங்கள், ஒவ்வொன்றிலும் 50 சுற்று, நடுவே 10 செ.மீ. இடைவெளி, அச்சு வடக்கு தெற்காக. ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் என்று இதற்குப் பெயர். 40 மைக்ரோடெஸ்லாவை எதிர்த்து நிற்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று கணக்கிட்டால் 89 மில்லிஆம்பியர் வருகிறது. ஒரு டார்ச் செல், ஒரு ரியோஸ்டாட், அறுபது எழுபது மீட்டர் எனாமல் கம்பி. மின்னோட்டம் அந்த அளவை எட்டியதும் நடுவில் வைத்த காந்த ஊசி வடக்கை மறந்து, தள்ளிய பக்கம் நிற்கும். பூமியின் புலத்தை உள்ளங்கை அளவு இடத்தில் கணக்குப் போட்டு அழித்த மாணவனுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. டெல்லிப் பள்ளியில் இதைச் செய்ய வேண்டுமானால் சுருளையே சாய்த்து வைக்க வேண்டும்; இங்கே மேசைமேல் நேராக வைத்தால் போதும்.

பள்ளிக்கு அடுத்தபடி நாகர்கோவிலின் கோணம். அரசுப் பாலிடெக்னிக், அரசு ஐடிஐ, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி மூன்றும் அங்கேயே இருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவாகக் காந்த-காயில் ஆய்வகம் ஒன்று அமைய வேண்டும். காஸ் மீட்டர், எல்சிஆர் மீட்டர், காந்தமேற்றும் கருவி, சுற்றும் எந்திரம், இருபது கணினி. பெரிய செலவு எதுவுமில்லை. ரீவைண்டிங் கடைக்காரரும் வள்ளத்து மெக்கானிக்கும் தங்கள் காயிலைக் கொண்டுவந்து அளந்து போகும் இடமாக அது இருக்க வேண்டும். மாலை நேரச் சான்றிதழ்ப் படிப்பும் தமிழிலேயே நடக்க வேண்டும். கல்லூரி வாசலில் அடையாள அட்டை கேட்டு மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பும் வழக்கமான ஆய்வகமாக ஆகிவிட்டால் இதனால் பயனில்லை.

பணம் எங்கே என்று தேட வேண்டாம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி லாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், ஐ.ஆர்.இ.எல்.லும் அதில் அடங்கும். நிழற்குடையும் குடிநீர்த் தொட்டியும் கட்டட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு மணவாளக்குறிச்சி ஆலையின் பங்கிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒரு தொகையை இந்த ஆய்வகத்துக்கு எழுதிவைக்கும்படி மாவட்ட ஆட்சியரும் குமரியின் மக்கள் பிரதிநிதிகளும் கேட்க வேண்டும். 6,000 டன் திட்டத்தின் ஐந்து ஆலைகளில் ஒன்றை மக்கள் நெருக்கமுள்ள இந்தக் கரையில் கொண்டுவந்து வைக்கச் சொல்ல வேண்டாம். அந்த ஐந்து ஆலைகளுக்கும், அவற்றின் காந்தத்தை வாங்கப்போகும் ஒசூர், கோவை, சென்னைத் தொழிற்சாலைகளுக்கும் புலம் கணக்கிடத் தெரிந்த ஆட்கள் வேண்டும். கோணத்தில் அடுத்த கல்வியாண்டிலேயே முதல் வகுப்பைத் தொடங்கலாம்.